போரிலிருந்து தப்பி வந்த பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கக் கோரும் மனு

அனுப்புநர்:
தோட்டக் குடியிருப்புப் பெற்றோர்கள்,
சுங்கை சிப்புட், பேராக்.

பெறுநர்:
மாண்புமிகு கல்வி அமைச்சர் அவர்கள்,
மலேசியக் கல்வி அமைச்சு, புத்ராஜெயா.

பொருள்: மியன்மார் போரால் அகதிகளான பிள்ளைகளை அரசாங்க ஆரம்பப் பள்ளிகளில் சேர்த்துக்கொள்ள அனுமதி கோருதல்.

மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊரைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களில் தங்கி வேலை செய்யும் மியன்மார் அகதிக் குடும்பங்களின் பிள்ளைகள், பள்ளி வயது வந்தும் படிக்க வழியின்றி இருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் காலையில் பள்ளி வேனில் ஏறும் நேரத்தில், அதே வயதுப் பிள்ளைகள் கோணிப்பையுடன் பெற்றோருக்குப் பின்னால் உதிரிப்பழம் பொறுக்கப் போகிறார்கள். அவர்களில் பத்து வயது மதிக்கத்தக்க, மியன்மாரின் சிறுபான்மை முஸ்லிம் இனமான ரொஹிங்யாவைச் சேர்ந்த சிறுவன் ஒருவன், எங்கள் பிள்ளைகளோடு பந்து விளையாடியே தமிழ் கற்றுக்கொண்டான். மளிகைக் கடையில் மீதிச் சில்லறையைத் தமிழில் எண்ணி வாங்குகிறான். தன் பெயரை எழுத மட்டும் எந்த மொழியிலும் அவனுக்குத் தெரியாது. பள்ளியில் இடம் கேட்டுப் போன அவன் தாயாரை, பிறப்புப் பத்திரம் இல்லையென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தலைமையாசிரியரை நாங்கள் குறைகூறவில்லை. விதிமுறை அவர் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது. அக்குடும்பங்களுக்குத் தொல்லை நேரக்கூடாது என்பதால் தோட்டத்தின் பெயரையும் இங்கே எழுதவில்லை.

இப்பிள்ளைகள் விட்டு வந்த நாட்டில் பள்ளிக்கூடமே குண்டுவீச்சுக்கு இலக்கானது. 2022 செப்டம்பரில் சகாயிங் வட்டாரத்தின் லெட் யெட் கோன் சிற்றூரில் பள்ளி தாக்கப்பட்டபோது குறைந்தது 11 சிறார்கள் உயிரிழந்ததாக ஐக்கிய நாடுகள் சபையின் சிறார் நல அமைப்பான யுனிசெஃப் அறிவித்தது. பள்ளிகளைத் தாக்குவதையும் சிறாரைப் படையில் சேர்ப்பதையும், போர்க்காலத்தில் சிறாருக்கு இழைக்கப்படும் ஆறு கொடிய மீறல்களுள் ஐக்கிய நாடுகள் சபை வைத்திருக்கிறது. அங்கே குண்டுக்குத் தப்பிய பிள்ளைக்கு இங்கேயும் பள்ளி இல்லையென்றால், அந்த மீறலின் பலன் நம் நாட்டிலும் தொடர்கிறது என்றே நாங்கள் கருதுகிறோம்.

மலேசியா 1995-இல் ஐக்கிய நாடுகள் சபையின் சிறார் உரிமை ஒப்பந்தத்தையும், 2012-இல் ஆயுதப் போரில் சிறாரை ஈடுபடுத்துவதற்கு எதிரான அதன் விருப்ப நெறிமுறையையும் (விரும்பும் நாடுகள் சேரும் துணை ஒப்பந்தம்) ஏற்றுக்கொண்டது. போரால் பாதிக்கப்பட்ட சிறார் உடலாலும் மனத்தாலும் தேறி வருவதற்கும் சமூகத்தோடு மீண்டும் இணைவதற்கும் அரசுகள் வேண்டிய எல்லா நடவடிக்கைகளையும் எடுக்க வேண்டும் என்கிறது அவ்வொப்பந்தத்தின் 39-ஆம் பிரிவு. ஆனால் இலவசக் கட்டாய ஆரம்பக் கல்வியைப் பற்றிய 28-ஆம் பிரிவின் பகுதிக்குக் கட்டுப்பட இயலாதென நம் அரசு தெரிவித்த ஆட்சேபம் இன்னும் மீட்டுக்கொள்ளப்படவில்லை. 2003 முதல் நடப்பிலுள்ள கட்டாய ஆரம்பக் கல்விச் சட்டவிதியும் மலேசியக் குடியுரிமை பெற்ற பெற்றோரையே குறிப்பிடுகிறது. இவ்விரண்டுக்கும் இடையில்தான் இப்பிள்ளைகள் விடுபட்டுப் போகிறார்கள்.

போர் பிள்ளைகளை என்ன செய்யும் என்பதைத் தோட்ட மக்களாகிய எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1942, 1943-ஆம் ஆண்டுகளில் சயாமையும் பர்மாவையும் இணைக்கப் போடப்பட்ட சயாம் மரண ரயில் பாதை வேலைக்கு எங்கள் தாத்தாக்களை ஜப்பானியர்கள் கொண்டுபோனார்கள்; திரும்பாதவர்களின் பிள்ளைகள் படிப்பை விட்டுப் பால்மரக் காட்டுக்குப் போனார்கள். 1948-இல் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க அவசரகாலம் அறிவிக்கப்பட்டது எங்கள் சுங்கை சிப்புட்டில் நடந்த கொலைகளை அடுத்துத்தான். அக்காலத்தில் பள்ளியை இழந்த தலைமுறை, எழுதப் படிக்கத் தெரியாமலே முதுமை அடைந்ததை நாங்கள் எங்கள் வீடுகளிலேயே கண்டிருக்கிறோம்.

ஆகவே, அகதிகளுக்கான ஐக்கிய நாடுகள் உயர் ஆணையர் அலுவலகத்தின் அட்டையை வைத்திருக்கும் குடும்பங்களின் பிள்ளைகளை, பிறப்புப் பத்திரம் இல்லாவிடினும், ஆரம்பப் பள்ளிகளில் சேர்க்கத் தலைமையாசிரியர்களுக்கு அனுமதி தரும் சுற்றறிக்கை ஒன்றை வெளியிடுமாறு தங்களைப் பணிவுடன் வேண்டுகிறோம். அதுவே எங்கள் முதன்மைக் கோரிக்கை. 28-ஆம் பிரிவின் மீதான ஆட்சேபத்தை மீட்டுக்கொள்ளத் தாங்கள் அமைச்சரவையில் குரல் கொடுக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறோம். அனுமதி வரும்வரை, அகதிச் சமூகங்கள் நடத்தும் கற்றல் மையங்களுக்குப் பாடநூல்களாவது கிடைக்க ஏற்பாடு செய்யுங்கள். இடப்பற்றாக்குறை காரணமாகச் சொல்லப்படலாம். மாணவர் எண்ணிக்கை குறைந்துவரும் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் அது தடையாக இராது.

இதுபற்றி நேரில் விளக்கம் தர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். தங்கள் அமைச்சின் அதிகாரி ஒருவரை எங்கள் ஊருக்கு அனுப்பி, அப்பிள்ளைகளின் பெற்றோரையும் விசாரிக்கச் செய்யுமாறு வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டக் குடியிருப்புப் பெற்றோர்கள்