பாட்டைப் போடுகிறீர்கள், பேரையும் சொல்லுங்கள்

தமிழ்நாட்டுத் தனியார் பண்பலை வானொலிகளின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

போன மாதம் ஒரு ராத்திரி, தஞ்சாவூரிலிருந்து ஊருக்குக் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். வண்டியை ஓட்டியது என் அக்கா மகன். உங்களில் ஒருவருடைய அலைவரிசையில் 'தேன் சிந்துதே வானம்' வந்தது. மன்னார்குடி தாண்டி வெளிச்சமில்லாத சாலை, எஸ்.பி.பி.யும் ஜானகியும் இளம் குரலில். கேட்கவா வேண்டும்! பாட்டு முடிந்ததும் தொகுப்பாளர் தம்பி உருகிப்போய், "இதான் மக்களே ராஜா சார் மேஜிக்" என்றார். உடனே நகைக்கடை விளம்பரம் வந்துவிட்டது.

அந்தப் பாட்டு 1973-ல் வந்த 'பொண்ணுக்குத் தங்க மனசு' படத்துப் பாட்டு. இசை ஜி.கே.வெங்கடேஷ். இளையராஜாவின் முதல் படம் 'அன்னக்கிளி' வந்தது 1976-ல். அதற்கு முன்பு வெங்கடேஷிடம்தான் அவர் உதவியாளராக இருந்தார். ஆக, தம்பி சொன்னது குருவின் பாட்டைச் சீடர் கணக்கில் எழுதின மாதிரி. (இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 'தேன் சிந்துதே வானம்' என்ற பெயரிலேயே 1975-ல் ஒரு படம் வந்தது. அதற்கு இசை வி.குமார். ஜேசுதாஸ் பாடிய 'உன்னிடம் மயங்குகிறேன்' அந்தப் படத்தில்தான். பாட்டுப் பைத்தியங்களே இந்த இடத்தில் தடுக்கி விழுவார்கள்.)

நான் இதையெல்லாம் சொல்ல ஆரம்பித்ததும் மருமகன் சிரித்தான். "மாமா, பாட்டு நல்லாருக்குல்ல? யார் போட்டா என்ன?" என்றான். அவனிடம் சொல்லி முடிக்க முடியாததை உங்களுக்கு எழுதுகிறேன். அவன் அப்படிக் கேட்பதற்குப் பாதிக் காரணம் நீங்கள்.

எங்கள் அப்பாவுக்குத் திருத்துறைப்பூண்டியில் தையல் கடை. தையல் மிஷினுக்கு மேலே பலகையில் ஒரு மர்பி வானொலிப் பெட்டி. எங்கள் பக்கம் கடலைத் தாண்டி வரும் இலங்கை வானொலிதான் தெளிவாகக் கேட்கும். அந்தக் காலத்தில் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை வாசலில் நிறுத்தி வைத்திருந்தது. 1952-ல் கேஸ்கர் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரானதும் தொடங்கிய அந்தக் கெடுபிடி, 1957-ல் அதே வானொலியின் சினிமாப் பாட்டுச் சேவையான விவித் பாரதி வந்துதான் தளர்ந்தது. அதற்குள் எங்கள் ஊர்க் காதுகள் கொழும்புக்குப் பழகிவிட்டன. காலையில் 'பொங்கும் பூம்புனல்' முடிந்தால் பள்ளிக்கூடம் கிளம்ப வேண்டும் என்று அர்த்தம். மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், அப்துல் ஹமீது என்று அங்கிருந்த அறிவிப்பாளர்கள் எல்லாம் எங்களுக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி.

பாட்டோடு படம், எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் என்று விவரமும் வரும். அதை வைத்துக் கடையில் ஒரு பந்தயமே நடக்கும். முன்னிசை ஆரம்பித்ததும் அப்பா மிஷினை மிதிப்பதை நிறுத்திவிடுவார். காஜா எடுக்கிற பையன் முதல் துணி கொடுக்க வந்தவர் வரை ஆளுக்கொரு பெயர் சொல்ல வேண்டும். தோற்றவர் டீ வாங்கித் தரணும். அப்பா ரொம்பத் தோற்றதில்லை. "இது ரெண்டு பேரும் சேந்திருந்தப்பப் போட்டது", "இது பிரிஞ்சப்புறம்" என்று விஸ்வநாதன்-ராமமூர்த்தி பாட்டுகளைத் தரம் பிரிப்பார். 1965-ல், 'ஆயிரத்தில் ஒருவ'னோடு அந்த ஜோடி பிரிந்தது. ராகம் தாளம் எதுவும் தெரியாத மனிதர் அவர். பெயர்களைத் திரும்பத் திரும்பக் கேட்டதில் காது தானாகத் தேறிவிட்டது.

இப்போது 'பாலும் பழமும்' பாட்டைப் போட்டுவிட்டு 'எம்.எஸ்.வி. ஹிட்ஸ்' என்கிறார்கள். 1961-ல் வந்த படம் அது. இசை என்று போட்டிருப்பது விஸ்வநாதன்-ராமமூர்த்தி. திருச்சிக்கார ராமமூர்த்தி, வயலினைக் கையிலேயே வைத்திருந்த மனிதர், 2013-ல் காலமானார். பாதிப் பாட்டு அவருடையது என்பதை நீங்கள் சொல்லாவிட்டால் இனி யார் சொல்வார்கள்?

வி.குமாரை எடுத்துக்கொள்ளுங்கள். பாலசந்தரின் நாடகங்களுக்கு இசையமைத்துக்கொண்டிருந்து, அவருடைய 'நீர்க்குமிழி' (1965) வழியாகச் சினிமாவுக்கு வந்தவர். 'மேஜர் சந்திரகாந்த்' படத்தில் சுசீலா பாடிய 'ஒரு நாள் யாரோ' அவர் போட்ட மெட்டு. 'வெள்ளி விழா'வில் 'காதோடுதான் நான் பாடுவேன்' அவருடையது. இரண்டையும் நீங்கள் ராத்திரி நேரத்தில் அடிக்கடி போடுகிறீர்கள், சந்தோஷம். அவர் பெயரை உங்கள் அலைவரிசைகளில் நான் கேட்டதே இல்லை. கேட்டவர்களில் பாதிப் பேர் அது எம்.எஸ்.வி. பாட்டு என்றே நினைத்துக்கொண்டு தூங்கப் போகிறார்கள்.

அதிலும் 'காதோடுதான்' பாடியது எல்.ஆர்.ஈஸ்வரி என்று சொன்னால் என் மருமகன் நம்பவில்லை. 'எலந்தப் பயம்' பாடிய அதே குரலா என்றான். அதே குரல்தான். அந்த ஆச்சரியத்தைக் கேட்பவருக்குக் கொடுக்க உங்களுக்கு ஆகும் செலவு ஒரு பெயர்.

ஷங்கர்-கணேஷின் 'மேகமே மேகமே', ஷியாமின் 'மழை தருமோ என் மேகம்' என்று இளையராஜா கணக்கில் சேர்ந்துபோன பாட்டுகளுக்குத் தனிப் பட்டியலே போடலாம். 'தேன் நிலவு' பாட்டுகளைப் பாடிய ஏ.எம்.ராஜாதான் அவற்றுக்கு இசையும் அமைத்தார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? இளையராஜாவின் புகழுக்கு இரவல் பாட்டு தேவையில்லை. நான் அவருக்கும் தீவிர ரசிகன்தான்.

வாத்தியக்காரர்கள் கதை இன்னும் மோசம். 'சர்வர் சுந்தரம்' (1964) படத்தில் 'அவளுக்கென்ன அழகிய முகம்' பாட்டைப் பாருங்கள். ஒலிப்பதிவுக் கூடத்தையே காட்டுவார்கள். டி.எம்.எஸ். பாடுகிறார், எம்.எஸ்.வி. கையசைக்கிறார், சுற்றி வாத்தியக்காரர்கள். முகம் தெரிகிறது, பெயர் தெரியவில்லை. எம்.எஸ்.வி. குழுவில் அக்கார்டியன் வாசித்த மங்களமூர்த்தி, டிரம்ஸ் நோயல் கிராண்ட், பிறகு இளையராஜாவிடம் கீபோர்டு வாசித்த விஜி மேனுவல், புல்லாங்குழல் அருண்மொழி என்று சில பெயர்கள் ரசிகர்கள் தேடித் தேடிச் சேர்த்ததால் தங்கியிருக்கின்றன. தேடாத பெயர்கள் போனது போனதுதான்.

இது வெறும் ரசிகனின் ஆதங்கம் என்று தள்ளிவிட வேண்டாம். 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் சேர்த்த 31-டி பிரிவைப் படியுங்கள். அந்தப் பிரிவின்படி உரிமம் பெற்று ஒலிபரப்புகிறவர்கள், படைப்பாளிகளின் பெயரையும் முக்கியக் கலைஞர்களின் பெயரையும் ஒலிபரப்போடு சேர்த்து அறிவிக்க வேண்டும் என்று அதன் ஐந்தாம் உட்பிரிவு சொல்கிறது. பாட்டின் சொந்தக்காரர்களோடு தனியாக ஒப்பந்தம் போட்டிருக்கிறோம், அது எங்களுக்குப் பொருந்தாது என்று நீங்கள் சொல்லலாம். இருக்கட்டும். சட்டம் எழுதினவர்களுக்கே அது நியாயமாகப் பட்டிருக்கிறது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

நேரம் இல்லை என்பீர்கள். பத்து விநாடி விளம்பரத்துக்கு என்ன விலை என்று உங்களுக்குத்தான் தெரியும். 'படம் வெள்ளி விழா, பாடல் வாலி, இசை வி.குமார், பாடியவர் எல்.ஆர்.ஈஸ்வரி.' செல்போனில் கடிகாரம் வைத்து நிதானமாகச் சொல்லிப் பார்த்தேன். ஆறு விநாடிதான். தொகுப்பாளர்கள் "ஹலோ ஹலோ ஹலோ" என்று சிரித்து முடிக்க அதைவிட அதிக நேரம் ஆகிறது.

எல்லாப் பாட்டுக்கும் வேண்டாம், காலை நெரிசலில் வேண்டாம். ராத்திரி ஒன்பதுக்கு மேல் போடுகிற பழைய பாட்டுகளுக்கு மட்டுமாவது சொல்லுங்கள். தப்பாகச் சொல்லிவிட்டால் மறுநாள் திருத்திச் சொல்லுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம். விவரம் சரிபார்க்க ஆள் வேண்டுமென்றால் ஊருக்கு நாலு பேர் எங்களை மாதிரிக் கிழங்கள் சும்மாதான் இருக்கிறோம். டீ மட்டும் வாங்கிக் கொடுத்தால் போதும்.

அப்பா கொழும்புக்குப் பல தடவை கடிதம் போட்டிருக்கிறார். ஒரே ஒரு தடவை அவர் பெயரை வானொலியில் வாசித்தார்கள். அன்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அவர் செலவில் டீ. அவர் கேட்டிருந்த பாட்டையே நானும் கேட்கிறேன்.

படம்: மேஜர் சந்திரகாந்த்
பாட்டு: ஒரு நாள் யாரோ
எழுதியவர்: வாலி
இசை: வி.குமார்
பாடியவர்: பி.சுசீலா
விரும்பிக் கேட்பவர்: திருத்துறைப்பூண்டி தையல்காரர் மகன்