வலைக் கொட்டகையில் எங்களைப் பாடவிட்டவர்களுக்கு நன்றி

காசிமேடு, வண்ணாரப்பேட்டை, பெரம்பூர் பகுதிகளில் வாழும் என் பெரியோர்களுக்கும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

எங்கள் ராக் குழுவின் முதல் இசைத்தொகுப்பு இந்த மாதம் வெளியாகியிருக்கிறது. அதில் வாசித்தவர்களின் பெயர்கள் மட்டுமே அச்சாகியுள்ளன. அந்தக் குரலும் வாசிப்பும் உருவாகக் காரணமாக இருந்தவர்களுக்கு ஊரறிய நன்றி சொல்லவே இம்மடலை எழுதுகிறேன்.

ட்ரம்ஸும், ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் போட்ட கிதாரும் சேர்ந்து ஒலித்தால், சுவரோடு சுவர் ஒட்டிய எங்கள் தெருக்களில் எந்த வீட்டுக் குழந்தையும் உறங்க முடியாது. பயிற்சிக்கு இடமின்றித் தவித்த எங்களுக்கு, மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய தம்முடைய வலைக் கொட்டகையை வாடகை வாங்காமல் திறந்துவிட்டவர் ஒரு விசைப்படகு உரிமையாளர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், படகு கரையில் நிற்க வருமானமும் நின்றுபோயிருந்த வேளையிலும், மின்கட்டணத்தைக்கூட அவர் எங்களிடம் கேட்கவில்லை. ஐயா, உங்களுக்கு என் முதல் வணக்கம்.

அந்தக் கொட்டகையில் வலை சீர்செய்துகொண்டிருந்த பெரியவர்கள்தாம் எங்களுடைய முதல் ரசிகர்கள். கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்து, ஊசியால் கண்ணி கண்ணியாகக் கோத்துக்கொண்டே அவர்கள் முழுப் பாட்டையும் கேட்பார்கள். "பாட்டு நல்லாத்தாம்மா கீது, இன்னா சொல்றேன்னுதான் புரியல" என்று அவர்களுள் ஒருவர் சொன்ன நாள் முதல், ஒவ்வொரு புதுப் பாட்டையும் கருவிகள் இல்லாமல் அவர்களிடம் பாடிக் காட்டிய பிறகே குழுவோடு பாடத் தொடங்கினேன். தமிழில் ராக் பாடுபவருக்கு இதைவிடக் கடுமையான தேர்வு வேறெங்கும் இருப்பதாக நான் நம்பவில்லை.

அந்தத் தேர்வில் தேறக் கற்றுக்கொடுத்தவர் வியாசர்பாடியைச் சேர்ந்த கானாப் பாடகர் அண்ணன். சாவு வீட்டில் இரவு முழுவதும் பாடிவிட்டு, விடிந்ததும் அதே குரலோடு பேசக்கூடியவர் அவர். தொண்டையை இறுக்கிக் கத்துகிறவரின் குரல் ஒரு மணி நேரத்தில் கட்டிவிடும் என்றும், வயிற்றிலிருந்து மூச்சைத் தள்ளி, டோலக் தனித்து ஒலிக்கும் இடைவெளியில் அடுத்த வரிக்கான மூச்சை நிரப்பிக்கொள்ள வேண்டும் என்றும் அவர் பாடிக் காட்டியே புரியவைத்தார். வரியின் கடைசி எழுத்தை விழுங்காமல் நீட்டி நிறுத்தும் பழக்கம் எனக்கு அவரிடமிருந்து வந்தது. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு முதன்முறையாக மேடையேறி, கானாவும் ராக்கும் ராப்பும் ஒன்றாக முழங்கியபோது, நகரத்தில் பலர் வியந்தார்கள். அண்ணனிடம் பாடம் கேட்ட எனக்கு அது மிக இயல்பாகவே தோன்றியது.

மைக்செட் அண்ணனைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஆடி மாதம் அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும் விழாக்களுக்கு இரவுபகலாக ஓடிக்கொண்டிருந்த நிலையிலும், எங்கள் தெருமுனைக் கச்சேரிகளுக்குப் பெட்டிகளை இறக்கித் தந்து, பணம் வந்தபோது வாங்கிக்கொண்டார். மைக்கின் தலையைக் கையால் பொத்திக்கொண்டு பாடுவது பார்ப்பதற்கு எடுப்பாக இருக்கும்; ஆனால் பொத்தினால் மைக் எல்லாப் பக்கத்து ஒலியையும் வாங்கி, ஸ்பீக்கர் ஊளையிடத் தொடங்கிவிடும் என்று முதல் கச்சேரிக்கு முன்பே பிடித்துக் காட்டி விளக்கினார். கிதாரின் நடுத்தர ஒலி என் குரல் நிற்கும் இடத்திலேயே வந்து மோதுவதைக் கேட்டு, கிதாரில் அந்த நடுத்தர ஒலியைக் குறைத்து எனக்கு வழிவிட்டதும் அவரே. வலைக் கொட்டகைப் பெரியவர்களுக்குச் சொல் புரிந்தது என்றால், அதில் பாதி அவருடைய விரல்களின் வேலை. ஒலிபெருக்கிக்கு இரவு பத்து மணி வரைதான் அனுமதி என்பதால், ஒன்பதே முக்காலுக்கெல்லாம் கையை உயர்த்திக் காட்டி எங்களைக் காவலரோடு வாக்குவாதத்திலிருந்தும் அவர் காப்பாற்றினார்.

பெரம்பூரில் ரயில்வே பணிமனையிலிருந்து ஓய்வுபெற்ற ஆங்கிலோ இந்தியப் பெரியவர் தம்முடைய பேஸ் ஆம்ப்ளிஃபயரை எங்களிடம் நம்பி ஒப்படைத்தார். ட்ரம்ஸை மீன்பாடி வண்டியில் ஏற்றி, மழைநாளில் தார்ப்பாய் போர்த்திக் கொண்டுவந்து சேர்த்த அண்ணன்களையும் மறக்கவில்லை. பயிற்சி முடிந்து தாமதமாகும் இரவுகளில், பையன்களுக்கு நடுவே ஒரு பெண் பாடுகிறாளே என்று யாரும் ஒரு சொல் பேசவிடாமல், கூடையை இடுப்பில் வைத்தபடி என்னை வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்ட மீன்கார அக்காமார்களே, உங்கள் துணை இருந்ததால்தான் என் அம்மா மறுநாளும் என்னை அனுப்பினார்.

இசைத்தொகுப்பின் பிரதி உங்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வந்து தரப்படும். பெரம்பூர்ப் பெரியவரின் ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்க்கப்பட்டு அவரிடமே திரும்பிச் சேர்ந்துவிட்டது. வடசென்னையில் நாங்கள் நடத்தும் ஒவ்வொரு கச்சேரிக்கும் மைக்செட் அண்ணனுடைய ஒலியமைப்பே இருக்கும். இனி முன்பணமும் முன்கூட்டியே வந்து சேரும்.

மிகுந்த நன்றியுடன்,
உங்கள் காசிமேட்டுப் பாடகி