கோடை ப்ராஜெக்டின் தலைப்பைப் பிள்ளைகளே எடுக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை ப்ராஜெக்டை முடிவு செய்ய வேண்டியது ஆசிரியரா மாணவரா என்று உங்கள் வாசகர் பக்கத்தில் நடக்கும் விவாதத்தைப் படித்து வருகிறேன். ஆசிரியர்கள் எழுதினார்கள், பெற்றோர் எழுதினார்கள், அந்த ப்ராஜெக்டுக்குச் சாமான் விற்கிறவர் மட்டும் யாரும் எழுதவில்லை. நான் உறையூரில் ஸ்டேஷனரியும் ஜெராக்ஸும் சேர்ந்த கடை வைத்திருக்கிறேன். என் கட்சி பிள்ளைகள் கட்சி. தலைப்பை அவர்கள்தான் எடுக்க வேண்டும்.

மே மாதக் கடைசியில் கடைக்கு வந்து பார்த்தால் ஏன் சொல்கிறேன் என்று புரியும். பள்ளியிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்த லிஸ்டை நீட்டி, "அண்ணா, இதுல இருக்கறதெல்லாம் எடுத்து வச்சிடுங்க" என்று அம்மாக்கள் நிற்பார்கள். லிஸ்ட் வருஷா வருஷம் மாறுவதில்லை. தெர்மாகோல் பந்தில் சூரியக் குடும்பம், சார்ட்டில் நீர்ச் சுழற்சி, சோடா உப்பும் வினிகரும் ஊற்றிப் பொங்கும் எரிமலை, மழைநீர் சேகரிப்பு வீடு, அப்புறம் 'பிளாஸ்டிக்கை ஒழிப்போம்'. இந்தக் கடைசி மாடலையும் தெர்மாகோல் அட்டையில்தான் செய்கிறார்கள். 2019 ஜனவரி முதல் நம் மாநிலத்தில் தடை செய்த பொருள்களில் தெர்மாகோல் தட்டும் கப்பும் உண்டு, ஆனால் அந்தத் தடையைப் பற்றிய மாடலுக்கு அட்டை கேட்டு வருகிறவர்களிடம் இதை எடுத்துச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

பிள்ளை எங்கே என்று கேட்டால், பாட்டி ஊருக்குப் போயிருக்கிறது, நாளைக்குத்தான் வரும் என்பார்கள். படம் நெட்டில் எடுத்தது, எழுத்து அக்காவுடையது, ஒட்டுவது அப்பா. சில பக்கங்களைக் கலர் பிரிண்ட் எடுக்கும்போது அடியில் அந்த இணையதளத்தின் பெயர்கூட அப்படியே இருக்கும். அதையும் பைலில் போட்டுக் கொடுத்து மார்க் வாங்கி வந்திருக்கிறார்கள் என்றால், அங்கே யார் எதைப் படித்துப் பார்த்தார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இதற்கு ஆசிரியர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் 2012-13இல் முப்பருவ முறை வந்தபோது வளரறி மதிப்பீட்டுக்கு, அதாவது பருவக் கடைசித் தேர்வைச் சேர்க்காமல் படிக்கும்போதே செய்கிற வேலைகளுக்கு, 40 மதிப்பெண் ஒதுக்கினார்கள். பிள்ளை தானாகச் செய்து பார்த்துக் கற்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் ஒரு வகுப்பில் நாற்பது பேர், நாற்பதையும் ஒரே தலைப்பில் கொடுத்தால் திருத்துவது சுலபம், பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது பளபளப்பாக இருக்கிறதோ அதற்குக் கூட ஒரு மார்க் போடலாம். இப்படித்தான் கிளிட்டர் விற்பனை ஏறியது.

எங்கள் தெருவில் ஏழாவது படிக்கும் பையன் ஒருவன் இருக்கிறான். ஐபிஎல் நடக்கிற நாளெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் ஒவ்வொரு அணிக்கும் நெட் ரன் ரேட் போட்டுக்கொண்டிருந்தான். ஓவருக்கு எடுத்த ரன்னிலிருந்து ஓவருக்குக் கொடுத்த ரன்னைக் கழிக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு, ஆனால் அவன் போட்டதும் டிவியில் வந்ததும் ஒத்துப்போகவே இல்லை. நான்கைந்து நாள் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்துவிட்டான். 18.3 ஓவர் என்று எழுதியிருப்பது பதினெட்டு ஓவரும் மூன்று பந்தும், அதாவது பதினெட்டரை, கணக்கில் 18.5 என்று போட வேண்டும். அதன் பிறகும் ஓர் அணிக்கு மட்டும் இடித்தது. அந்த அணி 20 ஓவருக்கு முன்பே ஆல் அவுட் ஆகியிருந்தது, அப்படி ஆனாலும் முழு 20 ஓவரால்தான் வகுக்க வேண்டுமாம். தசமம் என்றால் என்ன, வகுக்கிற எண் மாறினால் விடை எப்படி மாறும் என்பதை இதைவிட நன்றாக ஒரு பையனுக்கு யார் சொல்லிக்கொடுத்துவிட முடியும்? ஆனால் பள்ளி லிஸ்டில் கணக்குக்கு இருந்தது 'பின்னங்கள் சக்கரம், சார்ட் பேப்பரில்'. அதை அவன் அக்கா வெட்டி ஒட்டிக் கொடுத்தாள். அந்த நோட்டைக் கணக்கு சார் பார்க்கவே இல்லை. லிஸ்டில் இல்லாததை எப்படிக் காட்டுவது என்று இவனும் கொண்டுபோகவில்லை.

பிள்ளைகள் கையில் விட்டால் ஒன்றுமே செய்ய மாட்டார்கள் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். பாதி உண்மை. "உனக்குப் பிடித்ததைச் செய்" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் ஜூன் முதல் வாரம் அதே எரிமலைதான் வரும். அதற்காகத் தலைப்பையே ஆசிரியர் எடுத்துக்கொள்ள வேண்டுமா? தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993 முதல் நடக்கிறது, தமிழ்நாட்டில் அறிவியல் இயக்கத்துக்காரர்கள் முன்னின்று நடத்துகிறார்கள். பொதுக் கருப்பொருளைப் பெரியவர்கள் அறிவிப்பார்கள், 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் தங்கள் ஊரில் கண்ணில் படுகிற ஒரு பிரச்சினையை அதற்குள் எடுத்துக்கொண்டு அளந்து, விசாரித்து, எழுதுவார்கள், வழிகாட்டி ஆசிரியர் ஒருவர் கூட இருப்பார். கோடை ப்ராஜெக்டுக்கும் இதே ஏற்பாடு போதும். உறையூர்ப் பிள்ளைக்கு உய்யக்கொண்டான் வாய்க்கால் வாசலிலேயே ஓடுகிறது. செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டிய தாத்தாக்கள் இன்னும் திருச்சியில் இருக்கிறார்கள். கேட்டால் சொல்லாமலா போவார்கள்?

பணக் கணக்கையும் பார்க்க வேண்டும். ஆசிரியர் கொடுத்தால்தான் எல்லோருக்கும் சமம் என்கிறார்கள். லிஸ்டுதான் சமம், பர்ஸ் சமமில்லை. ஒரு பிள்ளைக்கு அட்டை, கலர் பிரிண்ட், பைண்டிங் எல்லாம் அமர்க்களமாக வாங்கிப் போவார்கள், வீட்டு வேலைக்குப் போகும் ஓர் அம்மா அதே லிஸ்டோடு வந்து, இதில் எதை விட்டாலும் பரவாயில்லையா என்று என்னிடம் கேட்பார். நெட் ரன் ரேட்டுக்கு ஒரு நோட்டும் பேனாவும்தான் ஆனது.

இன்னொன்று யாரும் எழுதவில்லை. சிபிஎஸ்இ பள்ளிகளில் ஏப்ரலிலேயே புது வகுப்பு தொடங்கிவிடுகிறது, ப்ராஜெக்ட் கொடுக்கிற மிஸ்ஸேதான் ஜூனில் அதைப் பார்ப்பார். மாநிலப் பாடத்திட்ட மெட்ரிக் பள்ளிகளில் புது வகுப்பு ஜூனில்தான், அதனால் பெரும்பாலும் கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் வேறொருவர். வாங்குகிறவருக்கு அந்தப் பிள்ளையையே தெரியாது, அட்டையைத்தான் தெரியும். அதனால் கோடைக்கு முன்பே பிள்ளை எடுத்த கேள்வியை ஒரு தாளில் எழுதி, பழைய ஆசிரியர் கையெழுத்துப் போட்டு, அது புது ஆசிரியர் கைக்குப் போக வேண்டும். ஜூனில் பிள்ளையை நிற்க வைத்து ஐந்து நிமிஷம் கேட்டால் போதும், யார் செய்தது என்று தெரிந்துவிடும்.

ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை விட்டுவிடுங்கள். அவர்களுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இலேயே சொல்லிவிட்டது. அப்படியும் 'ஆக்டிவிட்டி' என்று பெயரை மாற்றி யுகேஜி வரை லிஸ்ட் வருகிறது. இந்த வருஷமும் வந்தது, என் கடையில்தான் ஜெராக்ஸ் எடுத்தார்கள்.

இப்படிக்கு,
ஒரு ஸ்டேஷனரி கடைக்காரர்,
உறையூர், திருச்சி - 3