திங்கட்கிழமை போகாதே

அன்புள்ள செந்திலுக்கு,

அம்மா எழுதுவது. நீ அனுப்பிய பணம் வந்தது. ஒழுகின இடத்தில் ஓடு மாற்றியாயிற்று.

போனில் சுகரைப் பற்றிக் கேட்டால் "சரியா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு செல்வியிடம் கொடுத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். ஆஸ்பத்திரி ஓ.பி.க்குப் போனால் ஒரு நாள் கூலி போகிறது என்று நீ சொல்வது நியாயம். 28 வருஷம் ஆஸ்பத்திரி வேலையில் அந்தக் கூட்டத்தில் நின்றவளுக்குத் தெரியாதா? ஆனால் நேரம் எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டால் மதிய ஷிப்டுக்குத் திரும்பிவிடலாம்.

சீட்டு, ரத்தம், டாக்டர், மருந்து என்று நாலு வரிசை. இதில் யாராலும் குறைக்க முடியாதது சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்கும் ரத்தம். 2 மணி நேரம் ஆகவேண்டும். முதல் வாய் சாப்பிட்டதிலிருந்து கணக்கு, கை கழுவினதிலிருந்து இல்லை. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு டீக்கடை தேடிப் போய் 8.45க்குச் சாப்பிட்டால், இரண்டாவது ரத்தம் 10.45. ரிப்போர்ட் வருவதற்குள் டாக்டர் எழுந்துவிடுவார், "நாளைக்கு வா" என்பார்கள். செல்வியிடம் இட்லி கட்டித் தரச் சொல். 7 மணிக்கே போய்ச் சீட்டு வாங்கு. ரத்தம் கொடுத்த உடனே அங்கேயே உட்கார்ந்து சாப்பிடு. அந்த 2 மணி நேரம் டீ, பிஸ்கட் வேண்டாம், சும்மா நடக்கவும் வேண்டாம்.

முந்தின ராத்திரி 10 மணிக்கு மேல் பச்சைத் தண்ணீர் மட்டும். காலை மாத்திரையை வீட்டில் போட்டுக்கொண்டு போகாதே. பசியோடு வரிசையில் நிற்கும்போது சுகர் இறங்கி, வேர்த்து, கை நடுங்கி விழுந்தவர்களைத் தூக்கியிருக்கிறேன். சட்டைப்பையில் 3 ஸ்பூன் சர்க்கரை பொட்டலம் இருக்கட்டும். மாத்திரையையும் கையோடு கொண்டுபோ. முதல் ரத்தம் கொடுத்த பிறகு, வழக்கமாகச் சாப்பாட்டோடு எப்படிப் போடுவாயோ அப்படியே போடு. மாத்திரை போடாமல் எடுத்த இரண்டாவது ரத்தத்தை வைத்து மருந்து வேலை செய்கிறதா என்று டாக்டர் எப்படிச் சொல்வார்?

திங்கட்கிழமையும் லீவுக்கு மறுநாளும் போகாதே. புதன், வியாழன் கூட்டம் குறையும். நாலு நாள் சோற்றைக் குறைத்துவிட்டுப் போனால் நல்ல நம்பர் வரும் என்று நினைக்காதே, மூன்று மாதச் சுகர் கணக்கை ஹெச்பிஏ1சி என்கிற ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். அதற்கு வெறும் வயிறுகூட வேண்டாம்.

கூலிக்குப் போன பிள்ளை கட்டிங் மாஸ்டர் ஆனதைத் தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். அரை இஞ்ச் தப்பினால் லாட்டே போச்சு என்று துணியை அளக்கிறவன், உன் ரத்தத்தை அளக்க மாட்டேன் என்கிறாய்.

பழைய சீட்டைக் காட்டிக் கடையில் மாத்திரை வாங்குகிறாய், இல்லையா? செல்வி சொல்லவில்லை, அவளைத் திட்டாதே. 2021லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் என்கிற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து தருகிறார்கள், நல்ல ஏற்பாடு. அதிலும் சேர்ந்துகொள். ஆனால் மாத்திரை கைக்கு வந்துவிட்டது என்று ஓ.பி.யை விட்டுவிடாதே.

உன் அப்பாவை நான் ஒருநாளும் வரிசையில் நிற்க விட்டதில்லை. பழைய சீட்டைக் காட்டி நானே மாத்திரை வாங்கி வந்துவிடுவேன். 6 வருஷம். ஊரார் காலையெல்லாம் தொட்டுப் பார்த்தவள், அவர் காலைப் பார்க்கவில்லை. கண்ணையும் காட்டவில்லை. அவரைக் காக்க வைக்காததைப் பெரிய உபகாரமாக நினைத்திருந்தேன். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். இதை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

கதிர் போனில் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னான்: "பாட்டி, அப்பா செருப்பு கழன்றதே தெரியாம நடந்தாரு." எனக்கு அன்றிலிருந்து தூக்கமில்லை.

அந்த 2 மணி நேரத்தில் காலைக் காட்டு. உணர்ச்சி இருக்கிறதா என்று நைலான் இழையை அடிப்பாதத்தில் தொட்டுப் பார்ப்பார்கள், கண்ணை மூடிக்கொண்டு, பட்டால் மட்டும் சொல். ஊகித்துச் சொல்லாதே. கிட்னி கெடுகிறதா என்று தெரிய, சிறுநீரில் ஆல்புமின் என்கிற புரதமும் போகிறதா பார்க்கச் சொல். கண் பரிசோதனைக்குச் சொட்டு விடுவதைக் கடைசியில் வைத்துக்கொள். நாலைந்து மணி நேரம் பார்வை மங்கும், அன்றைக்கு வண்டி எடுக்காதே, பஸ்ஸில் போ. ஷிப்டையும் அன்று விட்டுவிடு, மங்கின கண்ணோடு கத்தி மெஷினில் கை வைக்காதே. அந்த ஒரு நாள் கூலியை நான் அனுப்புகிறேன்.

வருகிற புதன்கிழமை. இட்லியை மறக்காதே. முதல் வாய் சாப்பிட்ட நேரத்தை நோட்டில் எழுதிவை, அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துச் செல்வியை அனுப்பச் சொல்.

அம்மா