பெருந்தொற்று வந்தால் என்ஜினியர்கள் எங்கே நிற்க வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொரோனா காலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் டாக்டர்கள், நர்சுகள், தூய்மைப் பணியாளர்கள், தடுப்பூசி ஆராய்ச்சியாளர்கள் என்று எல்லோரையும் நன்றியோடு நினைக்கிறோம். நியாயம்தான். ஆனால் அப்போது என்ஜினியர்கள் என்ன செய்தார்கள், அடுத்த தொற்று வந்தால் என்ன செய்யலாம் என்பதை யாரும் பெரிதாகப் பேசக் காணோம், என்ஜினியர்களே பேசுவதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். குழாய், பம்ப், காற்றோட்டம் என்று வேலை பார்க்கும் மெக்கானிக்கல் என்ஜினியர் நான். என் தொழில்காரர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, உங்கள் பத்திரிகை வழியாகச் சொன்னால் நாலு பேர் காதில் விழும் என்று எழுதுகிறேன். எதையாவது செய்து கொடுக்கக் கிளம்புவதற்கு முன்னால், மருத்துவமனையில் வேலை எங்கே தடைப்பட்டு நிற்கிறது என்று அங்கே இருப்பவர்களிடம் போய்க் கேளுங்கள். அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது, ஆனால் ஏன் என்று சொல்லக் கொஞ்சம் இடம் வேண்டும்.

2020 மார்ச்சில் உலகம் முழுக்க என்ஜினியர்கள் பலருக்கும் முதலில் தோன்றிய யோசனை வென்டிலேட்டர். கார் கம்பெனிகள், கல்லூரி மாணவர்கள், வீட்டில் 3டி பிரிண்டர் வைத்திருந்தவர்கள் எல்லோரும் இறங்கினார்கள், கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையை மோட்டார் வைத்து அமுக்கும் கருவி எத்தனையோ வடிவங்களில் வந்தது. எண்ணம் நல்ல எண்ணம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கொரோனாவில் கெட்டிப்பட்டுப்போன நுரையீரலுக்குப் பையை அமுக்கிக் காற்றைத் தள்ளினால் மட்டும் போதாது. மூச்சு வெளியே போன பிறகும் உள்ளே கொஞ்சம் அழுத்தம் நிற்க வேண்டும், நோயாளி தானாக மூச்சு இழுக்கப் பார்த்தால் மெஷின் அதை உணர்ந்து ஒத்துப்போக வேண்டும், குழாய் கழன்றால் அலாரம் அடிக்க வேண்டும், இதெல்லாம் வாரக்கணக்கில் நிற்காமல் ஓட வேண்டும். ஐசியு டாக்டர் ஒருவரிடம் அரை மணி நேரம் பேசியிருந்தால் இது முதல் நாளே தெரிந்திருக்கும். பிரிட்டனில் டைசன் நிறுவனம் அவசரமாகப் புதிதாக வடிவமைத்த வென்டிலேட்டர்கூடக் கடைசியில் தேவைப்படவில்லை என்று ஏப்ரல் மாதமே முடிவாகிவிட்டது.

அதே பிரிட்டனில் அதே மாதங்களில் இன்னொன்று நடந்தது. யூனிவர்சிட்டி காலேஜ் லண்டனின் என்ஜினியர்கள், அதன் மருத்துவமனை டாக்டர்கள், பார்முலா 1 பந்தயக் காருக்கு என்ஜின் செய்யும் மெர்சிடிஸ் குழு, இவர்கள் சேர்ந்து உட்கார்ந்தார்கள். புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. மருத்துவமனைகளில் ஏற்கெனவே பழக்கத்தில் இருந்த, பேடன்ட் காலம் முடிந்த ஒரு சிபேப் கருவியை (முகமூடி வழியாகத் தொடர்ந்து அழுத்தத்தோடு காற்று கொடுப்பது) எடுத்து, பாகம் பாகமாகப் பிரித்து அளந்து, முதல் கூட்டம் நடந்து 100 மணி நேரத்துக்குள் முதல் கருவியைச் செய்து காட்டினார்கள். பிறகு 10,000 கருவிகள் செய்து கொடுத்தார்கள், வரைபடங்களைக் கேட்ட மற்ற நாட்டுக்காரர்களுக்கும் இலவசமாகவே கொடுத்தார்கள். சிபேப் கொடுத்தால் பல நோயாளிகளுக்கு வென்டிலேட்டரே தேவைப்படாது என்று சொன்னவர்கள் டாக்டர்கள். நர்சுகளுக்குக் கை பழகிய கருவி, அதனால் புதுப் பயிற்சியும் அதிகம் வேண்டியிருக்கவில்லை. என்ஜினியர்களின் திறமை பாதிதான், எதைச் செய்வது என்று சரியான ஆளிடம் கேட்டதுதான் மீதிப் பாதி என்று நான் நினைக்கிறேன்.

சரி, எல்லோராலும் அப்படிப்பட்ட தொழிற்சாலையோடு சேர முடியாது. சாதாரண என்ஜினியர் ஒருவர் என்ன செய்யலாம்? எனக்குத் தெரிந்த துறையிலிருந்தே சொல்கிறேன், காற்று.

தொற்று தொடங்கியபோது எல்லோரும் கை கழுவுவதையும் மேஜை துடைப்பதையும் பற்றியே பேசினார்கள். காற்றில் மிதக்கும் நுண்துளிகள் வழியாகவும் பரவும் என்று 2020 ஜூலையில் 239 விஞ்ஞானிகள் சேர்ந்து வெளிப்படையாக எழுத வேண்டியிருந்தது. அதை முன்னின்று எழுதிய லிடியா மொராவ்ஸ்கா ஒரு இயற்பியலாளர். ஆரம்பத்திலிருந்தே இதை வலியுறுத்தியவர்களில் முக்கியமான லின்சி மார் சிவில், சுற்றுச்சூழல் என்ஜினியரிங் பேராசிரியர். காற்று எப்படி நகரும், துகள் எவ்வளவு நேரம் மிதக்கும் என்பதெல்லாம் எங்கள் பாடம். நாங்கள் இன்னும் முன்னாலேயே, இன்னும் சத்தமாகப் பேசியிருக்க வேண்டும்.

ஒரு அறையில் காற்று மாறுகிறதா என்று பார்ப்பதற்கு ஒரு கார்பன் டை ஆக்சைடு மீட்டர் போதும். வெளிக்காற்றில் அது சுமார் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு), நாம் வெளியே விடும் மூச்சில் ஏறத்தாழ 40,000. அப்படியென்றால் அறைக்குள் மீட்டர் 800 காட்டினால் நாம் இழுக்கும் காற்றில் நூற்றில் ஒரு பங்கு இன்னொருவர் ஏற்கெனவே விட்ட மூச்சு, 1,200 காட்டினால் இரண்டு பங்கு. இந்தக் கணக்கைப் பள்ளிக்கூடத்து ஆசிரியருக்கும் கிளினிக் வைத்திருப்பவருக்கும் புரியவைப்பது என்ஜினியர் செய்யக்கூடிய வேலைதான். பலபேர் ஏசி ஓடினால் புதுக் காற்று வருகிறது என்று நம்புகிறார்கள், ஸ்பிளிட் ஏசி அந்த அறையின் காற்றையேதான் திரும்பத் திரும்பக் குளிர்வித்துச் சுற்ற விடுகிறது. எக்ஸாஸ்ட் ஃபேனைத் திறந்த ஜன்னலுக்குப் பக்கத்திலேயே மாட்டுகிறார்கள், அது அந்த ஜன்னல் காற்றை மட்டும் இழுத்து வெளியே தள்ளும், எதிர் மூலையில் படுத்திருக்கும் நோயாளியிடம் காற்று அசையாது. கொஞ்சம் புகை விட்டுப் பார்த்தாலே இது கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஃபேனை இடம் மாற்றினாலே தீரும் பிரச்சினை, ஆனால் அதைச் சொல்ல ஒரு ஆள் அங்கே போக வேண்டும்.

ஜன்னலே இல்லாத இடத்துக்கும் வழி இருக்கிறது. 2020 ஆகஸ்டில் ரிச்சர்ட் கோர்சி என்ற என்ஜினியரிங் பேராசிரியரின் யோசனையை, ஃபில்டர் கம்பெனி நடத்தும் ஜிம் ரோசன்தால் செய்து காட்டினார். நுண்துகளையும் பிடிக்கும் மெர்வ்-13 தர ஃபில்டர்கள் நாலைந்தைப் பெட்டி மாதிரி நிறுத்தி, டேப் ஒட்டி, மேலே ஒரு சதுர ஃபேனைக் காற்று வெளியே போகும்படி வைத்துவிட்டால் ஒரு நல்ல காற்று வடிகட்டி கிடைத்துவிடுகிறது. பள்ளிப் பிள்ளைகளே செய்துவிடலாம். ஒரே ஃபில்டரை வைக்காமல் நாலு வைப்பதில்தான் விஷயம், பரப்பு கூடும்போது காற்றுக்குத் தடை குறைகிறது, அதனால் சாதாரண ஃபேனாலேயே இழுக்க முடிகிறது.

அப்புறம் ஆக்சிஜன். சிலிண்டர் இல்லை, டேங்கர் வரவில்லை என்பது மட்டும்தான் வெளியே தெரிந்தது. டேங்க் நிறைய இருந்தும் வார்டில் அழுத்தம் குறைந்துபோவது வேறு ஒரு பிரச்சினை, அது முழுக்க முழுக்க என்ஜினியரிங் பிரச்சினை. மூக்கு வழியாக அதிக அளவில் செலுத்தும் கருவி ஒரு நோயாளிக்கே நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை போகும். பழைய குழாய் அத்தனை பேருக்காகப் போட்டதல்ல. திரவ ஆக்சிஜனை வாயுவாக்கும் வேப்பரைசர் அளவுக்கு மீறி வேலை செய்யும்போது மேலே பனி படிந்து இன்னும் மோசமாகும். எந்தக் குழாயில் எவ்வளவு போகிறது, எங்கே கசிகிறது, எந்தப் படுக்கையை எந்தப் பக்கம் மாற்றினால் சுமை சமமாகும் என்று கணக்குப் போட்டுச் சொல்ல ஒரு பைப்பிங் என்ஜினியர் போதும். 2021-ல் மும்பை ஐஐடியில், காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிரித்தெடுக்கும் பிஎஸ்ஏ கருவியில் இருந்த கார்பன் சல்லடைப் பொருளை எடுத்துவிட்டு நைட்ரஜனைப் பிடித்துவைக்கும் ஜியோலைட் என்ற பொருளைப் போட்டு ஆக்சிஜன் எடுத்துக் காட்டினார்கள். இருக்கிற மெஷினை வேறு கண்ணோடு பார்த்தவர்கள் அவர்கள்.

இதிலேயே ஆபத்தும் இருக்கிறது. 2021 ஏப்ரலில் பாக்தாத் மருத்துவமனை ஒன்றில் ஆக்சிஜன் சிலிண்டர் வெடித்துத் தீப்பிடித்து 80-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆக்சிஜன் கூடிய அறையில் சின்னப் பொறிகூடப் பெருந்தீயாகும், ஆக்சிஜன் இணைப்பில் எண்ணெயோ கிரீஸோ படவே கூடாது. ஆர்வத்தில் ஸ்பானரோடு யாரும் உள்ளே போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

ஆக்சிஜன் என்றதும் டகுவோ அவோயாகியைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டரின் அடிப்படையைக் கண்டுபிடித்த ஜப்பானிய என்ஜினியர். 1970-களின் தொடக்கத்தில் இதயம் எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது என்று அளக்கப் போனவருக்கு, நாடித் துடிப்பு அளவீட்டில் இடைஞ்சலாக வந்தது. அந்த இடைஞ்சலை நீக்கப் பார்க்கும்போதுதான் அதை வைத்தே ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று சொல்லிவிடலாம் என்று கண்டார். 2020 ஏப்ரலில், உலகமே அந்தக் கருவியைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், அவர் இறந்துபோனார். அந்தக் கருவியில் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. அமெரிக்காவில் 2020 டிசம்பரில் வந்த ஆய்வு, ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தும் மீட்டர் நல்ல எண்ணைக் காட்டியது வெள்ளையர்களை விடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் என்று காட்டியது. கருத்த தோலுக்கும் சரியாக அளக்கும் மீட்டர் வேண்டும் என்பதை விடத் தெளிவான ஒரு ப்ராஜெக்ட் தலைப்பு என்ஜினியரிங் மாணவர்களுக்குக் கிடைக்குமா?

கேட்காமல் செய்ததால் வந்த தீங்கையும் சொல்லிவிடுகிறேன். ஆட்கள் மேல் கிருமிநாசினி தெளிக்கும் சுரங்கப்பாதை மாதிரியான அமைப்புகளைப் பல இடங்களில் வைத்தார்கள். எந்தச் சூழ்நிலையிலும் மனிதர்கள் மேல் தெளிக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதம் சொன்னது: உள்ளே இருக்கும் தொற்றை அது குறைக்காது, கண்ணுக்கும் தோலுக்கும் நுரையீரலுக்கும் கெடுதல். டாக்டருக்குத் தொற்றாமல் இருக்க நோயாளியின் தலையைச் சுற்றி வைக்கும் கண்ணாடிப் பெட்டியும் அப்படித்தான் வேகமாகப் பரவியது, உள்ளிருந்து காற்றை உறிஞ்சாத பெட்டிகளுக்குக் கொடுத்த அனுமதியை அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ஆகஸ்டில் திரும்பப் பெற்றது. பார்க்க நன்றாக இருப்பது எல்லாம் பாதுகாப்பு இல்லை, சோதித்துப் பார்க்காத யோசனையை வார்டுக்குள் கொண்டுபோகவே கூடாது. டாக்டர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

பழுது பார்ப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. சின்ன ஃப்யூஸ், சென்சார், ஒரு குழாய் இணைப்பு இல்லாமல் மூலையில் கிடக்கும் மெஷினைச் சரிசெய்வது புது மெஷின் செய்வதை விட வேகமான வேலை. 2020-ல் ஐஃபிக்ஸிட் என்ற நிறுவனம் மருத்துவக் கருவிகளின் சர்வீஸ் மேனுவல்களை ஆயிரக்கணக்கில் திரட்டி இலவசமாக வைத்தது. பயோமெடிக்கல் டெக்னீஷியன்களின் கையில் அது எவ்வளவு பெரிய உதவி என்று அவர்களைக் கேட்டால் தெரியும்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள், ஆசிரியரே. இத்தாலியில் பிரெஷாவுக்குப் பக்கத்தில் கியாரி என்ற ஊர் மருத்துவமனையில், காற்றையும் ஆக்சிஜனையும் கலக்கும் சின்ன வால்வு தீர்ந்துபோனது, கம்பெனியால் உடனே அனுப்ப முடியவில்லை. அந்தச் செய்தியைத் தொழில்நுட்பக்காரர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவர் பிரெஷா நாளிதழின் ஆசிரியர் நுன்சியா வல்லினி. அப்படித்தான் கிறிஸ்டியன் ஃப்ரகாசி என்ற என்ஜினியருக்கு விஷயம் போனது, அவர் 3டி பிரிண்டரை மருத்துவமனைக்கே எடுத்துப்போய் மாதிரி செய்து, டாக்டர்கள் போட்டுப் பார்த்துச் சரி சொன்ன பிறகு அவரும் அவரோடு சேர்ந்தவர்களும் நூறு வால்வுகள் அடித்துக் கொடுத்தார்கள்.

இதைச் செய்ய அடுத்த தொற்று வரும்வரை காத்திருக்க வேண்டுமா? மருத்துவமனை ஊழியர்கள் தங்களுக்கு எது கிடைக்கவில்லை, எது ஓடவில்லை என்று எழுதி அனுப்ப உங்கள் பத்திரிகையில் வாரம் ஒரு சின்னப் பத்தி ஒதுக்க முடியுமா? அதற்கு என்ஜினியர்களிடமிருந்து வரும் பதில்களை ஒரு டாக்டரும் ஒரு பயோமெடிக்கல் என்ஜினியரும் படித்து, ஆபத்தானவற்றை நீக்கிய பிறகு வெளியிட்டால் போதும். காற்றோட்டம், குழாய் பற்றி வரும் கேள்விகளுக்குப் பதில் எழுத நான் தயாராக இருக்கிறேன், என்னோடு வேலை பார்ப்பவர்களையும் எழுத வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மெக்கானிக்கல் என்ஜினியர்