பவர் வேண்டாம் தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதை நாலு நாளாக யோசித்தேன். "பொது பவர் போட்டு அனுப்பிடுறேன்ப்பா, மனையை நீங்களே பாத்துக்குங்க" என்றாய். மனையை விற்பது வரை எல்லாவற்றையும் உன் சார்பில் நான் செய்யலாம் என்று நீ எழுதிக் கொடுக்கிற அதிகாரப் பத்திரம்தானே அது. வேண்டாம். அதற்காக லீவு போட்டுவிட்டு மெல்போர்னில் துணைத் தூதரக வாசலில் நிற்காதே.

போஸ்ட் மாஸ்டர் மாமாவை உனக்கு நினைவிருக்கும். புறவழிச்சாலைப் பக்கம் அவருக்கு ஐந்து சென்ட் இருக்கிறது. பொங்கலுக்கு முன்னால் முள் வெட்ட ஆள் கூட்டிப் போனவர், அங்கே யாரோ அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறார். "இது என் இடம்" என்றாராம். அவர்களும் அதையே சொல்லிப் பத்திரத்தை நீட்டினார்களாம். வில்லங்கம், அதாவது அந்த இடத்துக்குப் பதிவான பத்திரங்களின் பட்டியல், போட்டுப் பார்த்தால் மாமா பெயரில் வேறொருவன் போய் உட்கார்ந்து பவர் எழுதிக் கொடுத்திருக்கிறான். பவர் வாங்கியவன் விற்க, வாங்கினவர் இன்னொருவருக்கு விற்க, மூன்று பத்திரம் ஓடிவிட்டது. அடையாள அட்டையில் பெயரும் தகப்பன் பெயரும் மாமாவுடையதுதான், முகம் மட்டும் வேறு. கடைசியாக வாங்கினவர் பேங்க் லோன் போட்டவர். அவரைத் திட்டவும் மாமாவுக்கு வாய் வரவில்லை.

நில அபகரிப்புப் பிரிவில் புகார் கொடுத்தாயிற்று. ஆள்மாறாட்டத்துக்குப் பதிவுச் சட்டம் 82-ஆம் பிரிவில் 7 வருடம் வரை சிறை உண்டு. ஆனால் அவன் உள்ளே போனாலும் பத்திரம் தானாக அழியாது. போலிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்ய 2022-ல் 77-ஏ என்று ஒரு பிரிவு கொண்டுவந்தார்கள். அது செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பிறகு சொல்லிவிட்டது. மாமா இப்போது சிவில் கோர்ட்டுக்கு நடக்கிறார், எழுபத்தோரு வயதில். பதிவாகிவிட்டால் சர்க்கார் பொறுப்பு என்று நாமெல்லாம் நினைத்திருக்கிறோம். சார்பதிவாளர் பத்திரத்தைப் பதிகிறார். சொத்து யாருடையது என்று தீர்ப்புச் சொல்வது அவர் வேலை இல்லை.

உன் பொது பவர் என் கையில் இருந்தால், திருடனுக்கு நீ தேவையில்லை. என்னைப் போல வேஷம் போட ஒருத்தன் போதும். போதாததற்கு எனக்குக் கண்ணில் புரை, விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிற ஆள் ஆகிவிட்டேன். நாளைக்கு விற்பதாக முடிவு செய்தால், அந்த ஒரு காரியத்துக்கு மட்டும் தனி பவர் கொடு. வேலை முடிந்ததும் ரத்து செய்துவிடு.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். 2011-ல் மனை வாங்கியதோடு சரி, பட்டாவை உன் பெயருக்கு மாற்றவே இல்லை. லேஅவுட் போட்டவர் பெயரே அதில் கிடந்தது. போதாக்குறைக்கு, விலை விசாரிக்கலாம் என்று ஒரு புரோக்கரிடம் மூலப்பத்திரம் முதல் எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். மாமா கதையைக் கேட்ட அன்று ராத்திரி அதுதான் தூங்கவிடவில்லை. மறுநாளே நம் மனையைத் தனி எண்ணாகப் பிரித்து உன் பெயரில் பட்டா தர உட்பிரிவுக்கு மனுப் போட்டேன். சர்வேயர் வந்து அளந்தார், போன வாரம் உன் பெயர் ஏறிவிட்டது. அசல் பத்திரம் பேங்க் லாக்கரில் இருக்கிறது, சாவி அம்மாவிடம்.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். மாதம் பிறந்தால் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பார். பார்ப்பதற்குக் காசு இல்லை. பழைய சர்வே எண், புதிய உட்பிரிவு எண் இரண்டையும் போட்டுப் பார். ஒன்றை மட்டும் பார்த்தால் மற்றதில் நடந்தது கண்ணில் படாமல் போகலாம். நமக்குத் தெரியாத பத்திரம் எது வந்திருந்தாலும் அன்றைக்கே எனக்குப் போன் போடு, அங்கே ராத்திரியாக இருந்தாலும் சரி.

நாலு மூலைக்கும் கல் நட்டு முள்வேலி போடச் சொல்லியிருக்கிறேன். போர்டு எழுதுகிறவன் வந்தான். உன் பெயரை எழுதிவிட்டு, கீழே யார் நம்பர் போடட்டும் என்று கேட்டான். முதலில் உன் நம்பரைப் போடச் சொன்னேன், அதன் கீழே என்னுடையதை.

அன்புடன்,
அப்பா