சிவப்புத் தொப்பிக்காரர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஜப்பானில் நாரா ஊர் தோதாய்ஜி கோயிலில், பெரிய புத்தர் மண்டபத்துக்கு வெளியே, சிவப்புத் தொப்பியும் போர்வையுமாக உட்கார்ந்திருக்கிற மரச்சிலைக் கிழவரைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். பயப்படாதே, அவர் நம் நாட்டுக்காரர்தான். வட இந்தியாவில் கோசாம்பி ஊர்க்காரர், பிண்டோல பாரத்வாஜர். ஜப்பானில் பின்சுரு என்கிறார்கள். புத்தரிடமே நேராகப் பாடம் கேட்ட சீடர்.

வேதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர் துறவுக்கு வந்தது சோற்றுக்காகத்தான் என்று பாலி மொழியில் உள்ள பௌத்த உரைகள் ஒளிக்காமல் சொல்கின்றன. பிக்குகளுக்கு விழுந்த பிச்சையைப் பார்த்து ஆசைப்பட்டுச் சேர்ந்தாராம். சுரைக்குடுக்கையில் செய்த அவருடைய திருவோடு அத்தனை பெரிசு. அதற்குப் பை வைத்துக்கொள்ளப் புத்தர் அனுமதிக்கவில்லை. ராத்திரி கட்டிலுக்கடியில் தள்ளித் தள்ளியே ஓடு தேய்ந்து சிறுத்ததாம். சாப்பாட்டு ஆசையும் பிறகு அடங்கிவிட்டது. உங்கப்பா தட்டுக்கும் இப்படி ஒரு வழி பிறந்தால் தேவலை.

வம்பு மகத நாட்டு ராஜகிருகத்தில் வந்தது. ஒரு செட்டியார் சந்தனக் கட்டையில் ஓடு கடைந்து, மூங்கில்மேல் மூங்கிலாகக் கட்டி உச்சியில் தொங்கவிட்டு, சித்து சக்தி உள்ளவர் எடுத்துக்கொள்ளலாம் என்றார். இவர் ஆகாயத்தில் எழும்பி எடுத்ததோடு நிற்காமல் ஊரையே மூன்று சுற்றுச் சுற்றினார். கூட்டம் கத்திக்கொண்டு பின்னால் ஓடியது. அற்ப மர ஓட்டுக்காகவா இந்த வித்தை என்று புத்தர் கடிந்துகொண்டார். ஓட்டை உடைத்து, பொடித்து, பிக்குகளின் கண்மருந்தில் கலக்கச் சொல்லிவிட்டார்.

சீனா, திபெத் பக்கம் பரவிய வடக்குப் பௌத்த மரபில் தண்டனை இதைவிடப் பெரிசு. நிர்வாணம் கிடையாது, அடுத்த புத்தரான மைத்ரேயர் வரும்வரை இந்த உலகத்திலேயே கிட. எனக்கென்னவோ இது தண்டனையாகவே படவில்லை. மோட்சத்துக்குப் போய்ச் சேர்ந்தவரை யார் தொட்டுப் பார்க்க முடிகிறது?

யுவான் சுவாங் 7ஆம் நூற்றாண்டில் சீனத்தில் மொழிபெயர்த்த நூலில், உலகத்தில் தங்கிவிட்ட 16 அரஹந்தர்களில், அதாவது ஞானம் பெற்ற சீடர்களில், இவர்தான் முதல் ஆள். திபெத்திலும் அந்தப் பதினாறு பேரை வணங்குகிறார்கள். சீன மடங்களில் சாப்பாட்டுக் கூடத்தில் இவருக்கென்று இடம் போட்டு அன்னம் வைத்தார்கள்; சோற்றுக்கு வந்த மனுஷனுக்கு வேறென்ன வேண்டும்! ஜப்பானில்தான் வைத்தியரானார். தனக்கு வலிக்கிற இடத்தைச் சிலையில் தடவிவிட்டு, தன் உடம்பிலும் தடவிக்கொள்கிறார்கள்.

நாகானோ ஊர் ஜென்கோஜி கோயிலில் இருக்கிற பின்சுருவுக்கு, தடவித் தடவி முகமே மழுங்கிவிட்டது. 2023 ஏப்ரலில் ஒருவன் அந்தச் சிலையைத் தூக்கிக்கொண்டு போய்விட, அன்றைக்கே மாட்சுமோட்டோ என்கிற ஊரில் மீட்டார்கள். அந்தப் பக்கம் போனால் என் வலது முழங்காலுக்காகவும் ஒரு தடவு தடவிவிட்டு வா. மாத்திரையை நிறுத்தவில்லை, அதற்குள் போன் போட்டுத் திட்டாதே.

அன்புடன்,
அம்மா